வீக்லி ஆஃப் இல்லாத ஷிஃப்ட்

என் மனைவி ஐடாவுக்குப் பொறுமையைக் கொடுக்கக் கடவுள் மறந்துவிட்டார். இதை நான் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து நேருக்கு நேராகத்தான் சொல்லி வருகிறேன். ரசம் நுரை கட்டுவதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். ரயில்வே கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தபடியே கேட் கீப்பரைத் திட்டுவாள். அந்த மனிதருக்குக் கேட்கவா போகிறது, என் காதுதான் வலிக்கும். இப்படிப்பட்டவள் பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் சிஸ்டராக இருக்கிறாள். அதுவும் குறை மாதத்தில் பிறந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருக்கும் குழந்தைகள். அந்தக் குழந்தைகளிடம் மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும். அங்கே அடக்கி வைத்த கோபம் சாயந்திரம் வீட்டுக்கு வரும். வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான்.

என் பெயர் நோயல். மண் வாரும் பெரிய மெஷின்கள் செய்கிற ஃபாக்டரியில் எனக்கு வேலை. இரும்பைச் சூடாக்கிப் பதம் பார்க்கிற ஃபர்னஸ் என் பொறுப்பில் இருக்கிறது. என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஃபாக்டரிக்காகவே வந்து சேர்ந்தவர். ஐடாவின் அப்பா தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். நாங்கள் அந்தச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் பகுதியில் குடியிருக்கிறோம். என் ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் போய் ஸ்கூட்டரை நிறுத்துவேன். போன் செய்தால் "இதோ வந்துட்டேங்க" என்பாள். அதற்குப் பிறகு நான் ஒரு டீ குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் படித்து முடிக்கலாம். எதிர் டீக்கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த வார்டுக்குள் பெற்ற தாய்கூட நுழைய முடியாது. வெளியே ஒரு கண்ணாடி ஜன்னல். நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தாய்மார்கள் அதில் மூக்கை ஒட்டி நிற்பார்கள். உள்ளே எந்தக் குழந்தை தன்னுடையது என்றே சிலருக்குத் தெரியாது. ஐடாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பால் கறந்து கொடுக்க மட்டும் அம்மா வேண்டும், தொடுவதற்கு வேண்டாமா என்று என்னிடம் கேட்பாள். நானா அந்த ரூலைப் போட்டேன்?

ஒரு நாள் ரூல் மாறியது. தாய்மார்களை உள்ளே விட வேண்டும், வைத்தியத்தில் பாதியை அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழக்கிவிடுகிற பொறுப்பு ஐடாவுக்கு. அதற்காகப் பெங்களூருக்குப் போய் டிரெயினிங் எடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் நேராகச் சமையலறைக்குள் போய் ராகி டப்பாவைத் திறந்தாள். கூழ் காய்ச்சப் போகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவளோ என் பழைய வேட்டியைக் கிழித்து, ராகியை அளந்து கொட்டி, குழந்தை மாதிரி ஒரு மூட்டை தைத்தாள். தலைக்கு ஒரு டென்னிஸ் பந்து, அதற்கு மேல் கம்பளிக் குல்லா.

"சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"சொல்லித் தர்றதுக்கு முன்னாடி நான் ஒரு ஆள் மேல செஞ்சி பாக்க வேணாமா?"

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெற்று மார்போடு சாய்ந்து உட்கார, அந்த ராகிக் குழந்தையை என் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, தவளை மாதிரி காலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, அவளுடைய காட்டன் புடவையால் சுற்றிக் கட்டினாள். அம்மாவின் நெஞ்சுச் சூடுதான் மருந்து, குழந்தைக்குச் சூடு குறைந்தால் எடை ஏறாது, மூச்சும் தடுமாறும் என்று விளக்கிக்கொண்டே கட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு எரிக் ஏணி கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும்?

"இன்னா நோயல், வீட்ல விசேஷமா?" என்றார்.

"ஆமா. ராகி பொறந்திருக்குது" என்றேன்.

அந்த ஆள் ஏணியை மறந்துவிட்டுத் தெருவுக்கே சொல்லப் போய்விட்டார். மறுவாரம் சர்ச்சில் மூன்று பேர் என்னிடம் குழந்தை நலமா என்று விசாரித்தார்கள்.

ஐடா தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார வேண்டும். குழந்தையின் நிறத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பாலாடையில் பால் கொடுக்க வேண்டும். வீட்டில் சங்கு என்று வைத்திருப்போமே, அந்த மாதிரி மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம்தான் அது. வம்பே அங்கேதான். சங்கு என்றதும் நம் ஊர்ப் பெண்களுக்குக் கை தானாக வேலை செய்யும்: குழந்தையைக் காலில் போட்டு, கன்னத்தை அழுத்தி, மடக் மடக்கென்று ஊற்றிவிடுவார்கள். ஐடா அதைப் பார்த்தால் வார்டே அதிரும். "இன்னாம்மா, தொட்டில தண்ணி ரொப்பறியா? சொட்டுச் சொட்டா விடு. அது முழுங்குச்சான்னு பாரு. அப்பறம் அடுத்த சொட்டு." இப்படித் திட்டு வாங்கியே நிறையப் பேர் கற்றுக்கொண்டு, குழந்தையும் கையுமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். போகிறபோது ஐடாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் போவார்கள். திட்டினவளை எதற்குக் கட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவளுடைய பாச்சா பலிக்காத ஒரே ஆள் பல்லவி.

பல்லவி எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் பில் போடுகிற பெண். அவளுடைய புருஷன் பவன் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். முதல் பிரசவம், ஏழாவது மாதம் முடிந்ததுமே வலி எடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒன்றரைக் கிலோவைத் தொடவில்லை. மூச்சு சரியாகிவிட்டது. இனி அதற்கு வேண்டியது சூடும் பாலும்தான். ஐடா போய்க் கூப்பிட்டால் பல்லவி வார்டு வாசல் வரை வருவாள், கையைக் கழுவுவாள், பிறகு அங்கேயே நின்றுவிடுவாள். பால் கறந்து கொடுத்தாள், குறை சொல்ல முடியாது. குழந்தைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள்.

ஐடா ஒரு நாள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். பல்லவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் சிஸ்டர். வயித்துக்குள்ளயே என்னால வச்சிக்க முடியல. வெளிய மட்டும் எப்பிடி வச்சிக்குவேன்? நான் தொட்டா அது போயிடும்."

அன்றைக்குச் சாயந்திரம் ஐடா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து கேட் கீப்பரைக்கூடத் திட்டவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னைத்தான் திட்டினாள். சமைத்தது அவள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றதுங்க?" என்று கேட்டாள். 

புதன்கிழமை டாக்டர் மஞ்சுநாத் குழந்தையின் எடையைப் பார்த்தார். ஒரு கிராம் ஏறவில்லை. அவர் நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே தெரியாது. "சிஸ்டர், திங்கட்கிழமை வரைக்கும் பாக்கலாம். இன்னிக்கு இருக்கிற எடைக்கு மேல ஏறியிருந்தா இங்கேயே வச்சிக்கலாம். இல்லன்னா பெங்களூருக்கு அனுப்பிடறேன். நம்மகிட்ட ரிஸ்க் பேடா, வேணாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தை ஒரு மாடியில், அம்மா ஒரு மாடியில். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே தொடாதவள், அங்கே போனால் தொடுவாளா? ஐடாவுக்கு அதுதான் பயம். குழந்தை எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அம்மாவைத்தான் தொலைத்துவிடுவோம் என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து நான் அவளை அழைத்துவரத் தாமதமாகப் போனேன். அடுத்த ஷிஃப்ட்காரன் வரவில்லை. எரிகிற ஃபர்னஸை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? ஆஸ்பத்திரி வாசலில் ஐடா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் நிக்கறது? போட்டுட்டு வரவேண்டியதுதானே?"

"ரிலீவர் வரலடி. ரிலீவர் வராம எவனாச்சும் எடத்தை விட்டு எழுந்திருப்பானா? உங்கப்பா உனக்கு இதைச் சொல்லித் தரலியா?"

பதிலுக்கு ஒரு கத்தலை எதிர்பார்த்துக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டேன். கத்தல் வரவில்லை. கால் வைத்து ஏறப் போனவள் இறங்கி, என்னை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வார்டுக்குள் ஓடினாள்.

உள்ளே அவள் பல்லவியிடம் சொன்னது இதுதான்: "உன்னை யாரும் அம்மாவா இருன்னு சொல்லல. ரெண்டு மணி நேரம் ஷிஃப்ட் பாரு, போதும். பயமா இருந்தா பயந்துகினே உக்காரு. டைம் முடிஞ்சா ரிலீவர் வருவாங்க. கைல குடுத்துட்டு எழுந்து போயிடு."

பல்லவி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாளாம். "கண்டிப்பா வருவாங்களா?"

"நான் வருவேன்" என்று குரல் கொடுத்தாள் கிருஷ்ணம்மா. பவனுக்கு அக்கா, பல்லவிக்கு நாத்தனார். தையல் கடை வைத்திருப்பவள், வாய் ஐடாவுக்குச் சரிக்குச் சரி. அவளுடைய அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் இருந்தவர். ஷிஃப்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் கிருஷ்ணம்மாவுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. காலையில் தான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், பகலில் பல்லவி, சாயந்திரம் ரயிலை விட்டு இறங்கியதும் பவன் என்று அங்கேயே பிரித்துக் கொடுத்துவிட்டாள். பவன் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டான். "ஏண்டா, ஏரில நீ வெறும் ஜட்டியோட குதிச்சத பேத்தமங்களா ஊரே பாத்திருக்குது, இப்ப இன்னா வெக்கம்?" என்றாள் அக்காக்காரி. அவன் கழற்றிவிட்டான்.

அன்று சாயந்திரமே பார்த்த முதல் ஷிஃப்டில் பல்லவி மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி விட்டுக்கொண்டு, டைம் என்ன, டைம் என்ன என்று கேட்டபடியே இருந்தாளாம். கிருஷ்ணம்மா வந்து நின்றதும் குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஓடியே போனாள். ஆனால் மறுநாள் தன்னுடைய நேரத்துக்குத் தானாக வந்தாள். ஐடாவுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து எனக்குத் தோசையில் முட்டை ஊற்றிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த தோசை வராது.

இரண்டே நாளில் இந்த ஷிஃப்ட் வியாதி மற்ற தாய்மார்களுக்கும் தொற்றிக்கொண்டது. "செகண்ட் ஷிஃப்ட் வந்தாச்சா?" என்று வராண்டாவில் குரல் கேட்கும். இறங்குகிறவள் ஏறுகிறவளிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று கிருஷ்ணம்மா ஒரு சட்டம் போட்டாள். சுரங்கத்தில் கேஜ் என்கிற லிஃப்டில் ஏறி மேலே வருகிறவர்கள் கீழே இறங்கப் போகிறவர்களிடம் எந்த லெவலில் என்ன நிலவரம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். அதே மாதிரி இங்கே, "ஒண்ணுக்குப் போயிடுச்சி, கலர் நல்லா இருக்குது, ஒருதரம் விக்கல் வந்துச்சி, கால் சூடா இருக்குது." டாக்டர் மஞ்சுநாத் ரவுண்ட்ஸ் வந்தபோது இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாராம். வெள்ளிக்கிழமை குழந்தையின் எடை கொஞ்சம் ஏறியது. சனிக்கிழமை இன்னும் கொஞ்சம். ஐடா அன்று ரயில்வே கேட்டில் பாட்டுப் பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று ஐடாவுக்கு ஆஃப். சர்ச்சில் பாடகர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், வாடாமல்லி நிறத்தில் பட்டுப் புடவை. போதகர் ஐயர் பிரசங்கத்தில் இரண்டாவது பாயின்டுக்கு வருவதற்குள் அவள் கைப்பையில் போன் உறுமியது. எடுத்துப் பார்த்தாள், வார்டிலிருந்து மெசேஜ். வரிசையை விட்டு இறங்கி, நடுப்பாதையில் நேராக நடந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு முனையில் நின்று, "கிளம்புங்க" என்றாள். ஐயர் பிரசங்கத்தையே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார். மூன்றாவது பாயின்ட் என்னவென்று எனக்கு இதுவரை தெரியாது.

நடந்தது இதுதான். அன்று காலையில் கிருஷ்ணம்மா வரவில்லை. பவனும் வரவில்லை. பல்லவி தலைக்குக் குளித்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வெளியே வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். ராத்திரி அவசரமாக இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்ததில் சூடேற்றும் கட்டில் எதுவும் காலியில்லை. டியூட்டி சிஸ்டர் பாவம், ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். பல்லவியின் குழந்தையைத் துணியில் சுற்றி, சாதாரணக் கட்டிலில் விட்டிருந்தாள், யாராவது வந்து நெஞ்சில் போட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். காலையில் எடை பார்த்தால், ஏறினது மொத்தமும் இறங்கி, புதன்கிழமை இருந்த இடத்துக்கே வந்து நின்றது.

ஐடா ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டே கிருஷ்ணம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம் எனக்கே கேட்டது.

"எங்கம்மா இருக்கறே நீ?"

"பேத்தமங்களாவுல சிஸ்டர். சித்தப்பா பொண்ணோட கொழந்தைக்குக் காது குத்தல். பவன்தான் தாய்மாமன், அவன் மடிலதான் உக்கார வைக்கணும்."

"உன் ஷிஃப்ட் இன்னா ஆச்சி?"

"ஞாயித்துக்கெழம சிஸ்டர்" என்றாள் கிருஷ்ணம்மா, ரொம்பச் சாதாரணமாக. "வீக்லி ஆஃப்தானே. உங்களுக்கும் ஆஃபுன்னு சொன்னாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷிஃப்ட் என்று ஒன்று இருந்தால் வாரத்தில் ஒரு நாள் ஆஃப் இருக்கத்தானே வேண்டும்? எங்கள் ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஐடா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

"ஏன் கிருஷ்ணம்மா" என்றாள் போனில், பல்லைக் கடித்துக்கொண்டு. "மைன்ஸ்ல தண்ணி எறைக்கிற பம்பு ஓடுச்சே, அதுக்கு ஞாயித்துக்கெழம ஆஃப் குடுத்தாங்களா?"

 கிருஷ்ணம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. "அதை நிறுத்தினா மைன்ஸே முழுகிடுமே சிஸ்டர்."

"அவ்ளோதான் நான் சொல்ல வந்தது."

"ஐயோ தேவுடா. முகூர்த்தம் முடிஞ்சதும் ஓடியாந்துடறோம் சிஸ்டர்." முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு பந்தி, பஸ். சாயந்திரத்துக்கு முன்னால் அவர்கள் வரப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை ஐடா சொன்னபடியே சொல்கிறேன், அந்த அறைக்குள் ஆம்பிளைகள் சும்மா எட்டிப் பார்க்க முடியாது. பட்டுப் புடவைக்கு மேல் வார்டு கவுனை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் நின்ற பல்லவியைத் தாய்மார்கள் அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே சாய்வு நாற்காலி இருக்கிறது. பல்லவி உட்காரவில்லை.

"ரிலீவர் யாரு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிடத்தில் வருவார்கள் என்று சொன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாய் வரைக்கும் அந்தப் பொய் வந்தது என்றாள் ஐடா. ஆனால் பொய் சொல்லி உட்கார வைத்தால் நாளைக்கு இவள் என்னை நம்புவாளா என்று தோன்றியதாம்.

"யாருமில்ல" என்றாள். "நீ மட்டும்தான்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது."

பல்லவி கதவைப் பார்த்தாள். அழுதுகொண்டு வெளியே ஓடப் போகிறாள் என்று ஐடா கதவுப் பக்கம் நகர்ந்து நின்றாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. பல்லவி மெதுவாகக் கையை நீட்டி அதைத் தொட்டாள். தொட்டவள் விடவில்லை.

"கால் ஜில்லுன்னு இருக்குது சிஸ்டர்" என்றாள்.

"ஆமா."

"சூடா இருக்கணும்னு அக்கா சொல்லுவாங்களே."

"ஆமா."

"குடுங்க" என்றாள் பல்லவி. நாற்காலியில் உட்கார்ந்து நைட்டியின் பட்டனைத் தானே அவிழ்த்தாள்.

நான் வெளியே காத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டன் பிரியாணி. விடியற்காலையிலேயே எழுந்து ஐடா தம் போட்டு வைத்துவிட்டுத்தான் சர்ச்சுக்கு வந்திருந்தாள். மத்தியானம் அவள் வெளியே தலையை நீட்டி, "வீட்டுக்குப் போய் பிரியாணியை எடுத்துகினு வாங்க" என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. காற்றாகப் போய்க் கேரியரில் அடைத்துக்கொண்டு வந்தேன். கேரியரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. டீக்கடையில் பன்னும் டீயும்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது.

பல்லவிக்கு இரண்டு கையும் குழந்தைமேல் இருந்தது. ஐடாதான் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குக் கிருஷ்ணம்மா பூண்டு ரசமும் பருப்பில்லாத சோறுமாகப் பத்தியம் போட்டு வாட்டி வைத்திருந்தாள் போல. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று சொல்லிச் சொல்லி முழுக் கேரியரையும் முடித்துவிட்டாளாம் அந்தப் பெண். எனக்கு ஒரு எலும்புகூட மிஞ்சவில்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாலாடையில் பால் கொடுக்கிற நேரம் வந்ததும் ஐடா சொல்லச் சொல்லப் பல்லவியே கொடுத்தாள். ஒரு சொட்டு, முழுங்குகிறதா என்று பார்வை, அடுத்த சொட்டு. கை பழகாததில் பாதி பால் கழுத்தில் வழிந்தது. அடுத்த தடவை கொஞ்சம்தான் வழிந்தது. அதற்கடுத்த தடவை ஐடா வாயைத் திறக்க அவசியமே வரவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது ஐடாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

வெயில் தாழ்ந்ததும் கிருஷ்ணம்மாவும் பவனும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து விழுந்தார்கள். பவன் நெற்றியில் குங்குமம், தாய்மாமனுக்குப் போட்ட மாலையைக்கூடக் கழற்றவில்லை. கிருஷ்ணம்மா என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "சிஸ்டர் ரொம்பக் கோவமா கீறாங்களா?" என்று கேட்டாள். பிரியாணி முழுக்கப் போன கோபத்தில், "ரொம்ப" என்றேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள். அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"எழுந்திரிக்க மாட்டேங்கறா" என்றாள் ஆச்சரியமாக. "ரிலீவ் பண்றேன்னு சொல்றேன், இன்னும் கொஞ்ச நேரங்கிறா."

திங்கட்கிழமை என் ஷிஃப்ட் மத்தியானம்தான் என்பதால் ஐடாவைக் காலையில் நானே கொண்டுபோய் விட்டேன்.  வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது, திட்டாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. என் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். பவனும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு ஒரு டீ சொன்னேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

உள்ளே டாக்டர் மஞ்சுநாத் தராசு முன்னால் நின்றார். வழக்கமாகக் குழந்தையைத் தூக்கித் தராசில் வைப்பது ஐடா. அன்று அவள் கையை நீட்டியபோது பல்லவி கொடுக்கவில்லை. தானே அவிழ்த்து, தானே படுக்க வைத்து, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நம்பர் மேலும் கீழும் ஆடி, ஆடி, நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"புதன்கிழமையை விட முப்பது கிராம் ஜாஸ்தி" என்றார்.

"முப்பது கிராம்னா" என்று கிருஷ்ணம்மா விரலை மடக்கினாள், "கிட்டத்தட்ட நாலு பவுனு சார்."

டாக்டர் சத்தமாகச் சிரித்ததை வார்டில் முதல்முறையாகக் கேட்டார்களாம். "பெங்களூர் வேணாம் சிஸ்டர். இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கிருஷ்ணம்மா வாசல் வரை ஓடிவந்து எங்களிடமும் பவுன் கணக்கிலேயே சொன்னாள். பவன் டீயை ஒரே மூச்சில் குடித்தான். ஆறிப் போயிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

ஐடாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மார்கள் அறைக்குப் பல்லவியின் பின்னாலேயே போய், அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று மூச்சு விடாமல் ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் மார்பில் வைத்துப் பழக்க வேண்டும், தலையை இப்படிப் பிடி, முதுகுக்குத் தலையணை வை, வாயைத் திறக்கிறதா பார், முதலில் உதட்டில் ஒரு சொட்டுத் தடவு. சொல்லிக்கொண்டே இருந்தவள், குழந்தை எப்போது மார்பைப் பிடித்தது என்று கவனிக்கவே இல்லை. பல்லவி கவனித்திருந்தாள். குழந்தை இரண்டு முறை உறிஞ்சியது, நிறுத்தியது, ஐடாவின் குரல் வந்த பக்கம் முகத்தைச் சுளித்தது.

"சிஸ்டர்" என்றாள் பல்லவி, தலையை நிமிர்த்தாமலே.

"இன்னாம்மா?"

"நீங்க பேசினா இவ நிறுத்திடறா. வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க, என் பொண்ணை நான் பாத்துக்கறேன்."

இதை ஐடா என்னிடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னாள், வார்டு கவுனைக்கூடக் கழற்றாமல். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்டில் அவளை வெளியே போகச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. பெரிய டாக்டர்களே சொன்னதில்லை, தைரியம் வராது.

"கோபம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சி" என்றாள். "கதவைச் சாத்திட்டு வர்ற வரைக்கும் இருந்துச்சி."  டீக்கடைக்காரர், பவன், ரோட்டில் போகிறவர்கள் எல்லோர் முன்னாலும் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிறகு கவுன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், அடுத்த கட்டிலில் ஒரு புது அம்மா கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தாள்.